பரு இல்லாத முகம்

ஜனவரி 12, திங்கள்

தொழிற்சாலையிலிருந்து முதல் லேப்டாப் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்ததும் எங்கள் பிரிவில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். தொட்டுப் பார்க்கக்கூடத் தயங்கினார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் நாயாய் அலைந்தது!

சாம்பல் நிற உடம்பு. சாம்பல் விசைகள்மேல் சாம்பலிலேயே எழுத்து, கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வயர் சொருக ஒரே ஒரு துளை. விசைப்பலகை முழுவதும் ஒரே தகடு போலப் படிந்து கிடக்கிறது. எல்லா லேப்டாப்பிலும் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளில் மட்டும் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்க்காமல் டைப் அடிப்பவர்களின் சுட்டுவிரல்கள் வந்து உட்காரும் இடம். அந்த மேட்டை எடுத்துவிட்டது என் யோசனை. "மூஞ்சில பரு மாதிரி இருக்கு" என்று கூட்டத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லோருக்கும் அது பருவாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் தலைமை வடிவமைப்பாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வழவழா. எதைக் காட்டினாலும் "இன்னும் வழவழன்னு வரலையே" என்பார். இன்று உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "ஒரு இடத்துலகூட விரல் நிக்கல" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

சோதனைப் பிரிவுப் பெண் மட்டும், "விரல் எங்கயாவது நிக்கணுமேங்க" என்றாள். சிரித்தோம்.

ஜனவரி 18, ஞாயிறு

அக்காவுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "மாப்ள, இது எந்தப் பக்கம் திறக்கும்? இல்ல, உடைச்சுத்தான் பாக்கணுமா?" மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் கோடே தெரியாது, நகத்தை வைத்து நெம்ப வேண்டும். அதையும் நான்தான் வரைந்தேன். காட்டிக் கொடுத்தேன்.

அக்கா ஒரு ஏஜென்சி மூலம் பார்ப்பது பேச்சை எழுத்தாக்கும் வேலை. கூட்டங்களில் பேசுபவர் பேசப் பேச, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அப்படியே டைப் அடிப்பாள். காது கேளாதவர்கள் அதைத் திரையில் படிப்பார்கள். சிரிப்பு, இருமல், கைதட்டல் எல்லாம் அடைப்புக்குறிக்குள் வந்து விழும். காதில் விழுந்த எதையும் விடமாட்டாள். கண் பேசுபவர் முகத்திலோ திரையிலோ இருக்குமே தவிர, விரல்களைப் பார்த்து அவள் அடித்து நான் கண்டதில்லை.

புதியதில் கொஞ்சம் அடித்துப் பார்த்தாள். "அழகா இருக்குடா சப்பை. கண்ணாடி மாதிரி. தலை வாரிக்கலாம்." பிறகு, "கைய வச்சா எங்க இருக்கேன்னே தெரியலையே" என்றாள்.

பழகினால் சரியாகிவிடும் என்றேன். சப்பை என்பது நான்தான். சிறுவயதில் எந்த மண் பொம்மை கிடைத்தாலும் அமுக்கித் தட்டையாக்கிவிட்டுத்தான் ஓய்வேனாம். அந்தக் குணத்துக்குத்தான் இப்போது சம்பளம் தருகிறார்கள் என்று மாமாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிடித்திருக்கிறதா என்று கேட்டால் நேராகச் சொல்ல மாட்டாளா? கொஞ்சம் எரிச்சலாகத்தான் வந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

அறிமுக விழாவில் பேசப்போவது நான். வழவழாவே சொல்லிவிட்டார். காது கேளாதோர் சங்கத்திலிருந்து ஆட்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறார்கள். நிறுவனத்துக்கு நல்ல பெயராம். திரையில் எழுத்துப் போட ஏஜென்சி அனுப்பும் ஆள் யார் என்று பார்த்தால், அக்கா!

போனில் குதித்தாள். "உன் பேச்ச நானே எழுதப் போறேன். தப்புத் தப்பாப் பேசுனா அப்படியே போட்டுருவேன், பாத்துக்க."

நம் லேப்டாப்பில்தான் அடிக்க வேண்டும் என்றேன். அவளுடைய பழையதற்கு வீட்டில் செங்கல் என்று பெயர், கனத்திலும் சரி, அழகிலும் சரி. மேடைக்குக் கீழே அதை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படத்தில் மானம் போய்விடும். "சரிடா, உனக்காக" என்றாள்.

அலுவலகத்தில் அவள் என் அக்கா என்று சொல்லவில்லை. சொந்தக்காரிக்கு வேலை பிடித்துக் கொடுத்தான் என்று பேசுவார்கள். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 5, வியாழன்

அவ்வளவுதானா? அவள் கொண்டுவரும் துணிப்பையும் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் பழைய தலையணையும் ஞாபகத்துக்கு வந்தன என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். எஃப் மேலேயும் ஜே மேலேயும் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டாளாம். "இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்குது."

சிவப்பு! சாம்பலில் சிவப்பு! வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

விழா முடிந்தது. நடுவில் திரையில் எழுத்து குழம்பிவிட்டது. ஆபரேட்டர் தவறு. எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 21, சனி

ஆபரேட்டர் என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத இடத்தில்கூட.

சரி, ஒழுங்காக எழுதுகிறேன். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் பேசினேன், பின்னால் பெரிய திரையில் என் பேச்சு எழுத்தாக ஓடியது. விசைப்பலகை பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. "விரலுக்கு எந்தத் தடையும் இல்லாத" என்று ஆரம்பித்து அடுக்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைகளை விரித்தார். பின்வரிசையில் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் திரையில் எழுத்துகள் இருந்தன, ஒரு சொல்கூட இல்லை. காக்கை கிளறிய மாதிரி கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரியானது. அதற்குள் என் பேச்சே முடிந்துவிட்டது.

பக்கவாட்டில் இறங்கியதும் வழவழா பல்லைக் கடித்துக்கொண்டு, "யாருங்க அது, டைப் அடிச்சது?" என்றார்.

"ஏஜென்சி அனுப்புன ஆள் சார். யாருன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

என் வாய்தான். சொல்லி முடித்த பிறகும் அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து தேடியபோது அக்கா போயிருந்தாள். பேருந்திலேயே போய்விட்டதாக மாமா சொன்னார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எதனால் குழம்பியது என்று நேற்றும் எழுதவில்லை. லேப்டாப்பில் ஏதோ பட்டிருக்கும் என்று ஆரம்பித்து அழித்துவிட்டேன். பட்டது என் கைதான்.

விழா தொடங்கும் முன் அக்கா இயர்போனைச் சரிபார்க்க ஒலிப்பெட்டிக்காரரிடம் போயிருந்தாள். படம் எடுப்பவர் வந்துகொண்டிருந்தார். மேசையில் லேப்டாப் திறந்து கிடந்தது. நடுவில் அந்த இரண்டு சிவப்புச் சொட்டுகள். கறை துடைக்கும் திரவம் எப்போதும் என் பையில் இருக்கும். பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். முகம் பளிச்சென்று ஆனது.

அது எதற்கு அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். மேட்டை எடுத்தவனே நான். அரை மணி நேரப் பேச்சுதானே, சமாளித்துவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் விளக்கை அணைத்து என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ச்சீ.

பிப்ரவரி 26, வியாழன்

மாமா வந்தார். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "உங்ககிட்டக் குடுத்துரச் சொன்னா." எப்போதும் வந்தவுடன் ஏதாவது கேலி செய்பவர். இன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஏஜென்சியில் அக்காவுக்கு இனி கூட்டம் கொடுக்க மாட்டார்களாம். நிறுவனத்திலிருந்து புகார் போயிருக்கிறது. புகாரை எழுதியது வழவழாவின் உதவியாளர். எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டார், "ஆபரேட்டர் தப்புதானே சார்?" தலையை ஆட்டினேன். அசைத்தேன் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். இல்லை, நன்றாகவே ஆட்டினேன்.

மார்ச் 3, செவ்வாய்

விழா வீடியோவை வெட்டி ஒட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கேமரா கூடத்தின் பின்னாலிருந்து எடுத்தது. திரை முழுவதும் தெரிகிறது. கீழே சின்னதாக அக்கா.

எழுத்து ஓடுகிறது. அக்கா பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறாள். பாட்டிலை வைத்துவிட்டு, கைகளை விசைகள்மேல் கொண்டுபோகிறாள். இரண்டு சுட்டுவிரலும் ஒரு நொடி தடவுகின்றன. தேடுகின்றன. பிறகு அடிக்கத் தொடங்குகிறாள். அந்தக் கணத்திலிருந்து திரையில் குப்பை. இரண்டு கையும் ஒரு விசை தள்ளி உட்கார்ந்துவிட்டன. ஒரே ஒரு விசை. அவள் ஒரு சொல்கூடத் தப்பாக அடிக்கவில்லை. எல்லாச் சொல்லையும் சரியாக, தப்பான இடத்தில் அடித்திருக்கிறாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. வீடியோ முடியும்வரை ஓடவிட்டேன். நான் மேடையை விட்டு இறங்குகிறேன். அடுத்தவர் ஏறுகிறார். கூட்டம் எழுந்து நெளிகிறது, முன்வரிசை மட்டும் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரையில், பிழையே இல்லாமல்:

ஏஜென்சி அனுப்புன ஆள் சார். யாருன்னு எனக்குத் தெரியாது.

(கைதட்டல்)

சட்டைக் காலரில் மைக் இருந்திருக்கிறது. கூடத்தில் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், இயர்போனுக்குப் போவதைக் குறைக்கவில்லை. அவள் காதில் விழுந்தது. காதில் விழுந்ததை அவள் விடமாட்டாளே.

ஐயோ, எழுதியிருக்காளே. அதையும் எழுதியிருக்காளே! உனக்கு எப்படி அக்கா கை வந்துச்சு?

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க" என்றாள்.

வாங்க. பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "உக்காருங்க, தண்ணி வேணுமா?" என்று வேறு கேட்டாள்.

சொட்டுகளைத் துடைத்தது நான்தான் என்றேன். முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியும். மேசைல அந்தத் தொடைக்கற தண்ணி வாடை அடிச்சுது. உட்காந்த ஒடனேயே பாத்தேன், ரெண்டும் இல்ல. மொதல்ல கண்ணால பாத்துக் கைய வச்சுக்கிட்டேன். தண்ணி குடிச்சிட்டு வைக்கறப்பதான் தடவுனேன். ஒண்ணும் தட்டுப்படல. சரி, இங்கதான் இருக்கும்னு ஆரம்பிச்சேன்."

"திரையப் பாத்திருந்தா..." என்று இழுத்தேன். என்ன ஜென்மம் நான்! அந்த நேரத்திலும் அவள் பக்கம் ஒரு தப்பைத் தேடியிருக்கிறேன்.

அவள் மேசை விரிப்பை நீவிவிட்டாள். அப்புறம் சொன்னாள். "மத்த நாள்னா திரையத்தான் பாத்துட்டு இருப்பேன். அன்னைக்கு உன்னைப் பாத்துட்டு இருந்தேன். மேடைல நல்லா நின்ன. சின்னப்ப ஒரு ஒப்பிப்புப் போட்டில பாதில அழுதுட்டு எறங்கி வந்தியே, அதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. திரைய மறந்துட்டேன். அது என் தப்புதான்."

எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

"நான் சொன்னத ஏன் எழுதுன?" என்று கேட்டேன்.

"காதுல விழறத எழுதறதுதான் வேலை. நமக்குப் புடிச்சத மட்டும் எழுதுனா, முன்னாடி உக்காந்திருக்கறவங்க யார நம்புவாங்க?"

கிளம்பும்போது வாசல்வரை வந்து, மறுபடி "போயிட்டு வாங்க" என்றாள். சப்பை என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வழவழாவிடம் போனேன். ஏஜென்சிக்கு அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். விசைப்பலகைதான் காரணம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம மெஷின்ல தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? விக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆகல. யாரோ ஒரு டைப்பிஸ்டுக்காகவா?"

யாரோ ஒரு டைப்பிஸ்ட். நான் போட்ட கோட்டில் அவர் ரோடு போட்டார். அவள் என் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பாக்கலாம் சார்" என்றுதான் வந்தது.

மார்ச் 11, புதன்

காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் அதே காய்ச்சல். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் துண்டைப் பிரித்து அந்த லேப்டாப்பைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி அடித்துப் பார்த்தேன். என் பெயரே வரவில்லை. இதை நான் ஒருநாள்கூடச் செய்து பார்த்ததில்லை. வரைந்தேன், சாய்த்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். அதில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்க்கவில்லை. இந்த நாட்குறிப்பைக்கூட வீட்டில் இருக்கும் பழைய கணினியில்தான் அடிக்கிறேன். இதிலும் இரண்டு பரு இருக்கிறது. இத்தனை வருடமாக என் விரல் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அழகாக இருப்பது தப்பில்லை. ஆனால் யாருக்கு அழகு? மூடி வைத்துப் பார்ப்பவனுக்கு. திறந்து வேலை செய்பவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, அவள் என் குடும்பத்திலேயே இருந்தும்.

மார்ச் 16, திங்கள்

ஏஜென்சிக்காரரைப் போய்ப் பார்த்தேன். நிறுவனம் அனுப்பவில்லை, நானாக வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சின்ன அறை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். லேப்டாப்பை அவர்முன் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை வைக்கச் சொன்னேன். அவரும் பழைய டைப்பிங் ஆள். விரல்கள் தடவின, தேடின. முகம் மாறியது.

"இதுல ரெண்டு சொட்டு வச்சிருந்தாங்க. விழா அன்னைக்கு நான் தொடச்சிட்டேன். படத்துல அசிங்கமாத் தெரியும்னு. அவங்க மேல தப்பே இல்ல" என்றேன்.

"நீங்க ஏன் சார் இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க?"

"எங்க அக்கா."

அவர் லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "அந்தம்மா சொல்லவே இல்லையே. கேட்டேன், எதனால ஆச்சுன்னு. என் கவனக்குறைவுன்னாங்க."

படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீடியோவில் வந்த வரியில்கூட என் பெயர் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வழவழாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு, பஞ்சு, அக்கா, ஏஜென்சி. கூட்டத்தில், எல்லோர் முன்னாலும். அவர் கத்தவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது. இனி மேடையில் பேசுவதற்கு வேறு ஆள்.

சோதனைப் பிரிவுப் பெண் என்னைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் அவள் சொன்னதற்குச் சிரித்தேனே, அதுவும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

ஏப்ரல் 11, சனி

அக்காவுக்கு மறுபடி கூட்டங்கள் வருகின்றன. செங்கல்லோடுதான் போகிறாள். மாமா சொல்லித் தெரிந்தது. எனக்கு அவளாகப் போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுக்கிறாள், "நல்லா இருக்கேன், நீங்க?" என்கிறாள்.

மே 6, புதன்

அடுத்த தொகுப்பிலிருந்து மேடு வருகிறது. எஃப்பிலும் ஜேயிலும், மெல்லிசாக ஒரு கோடு. எழுத்தும் கொஞ்சம் அடர்த்தியாகிறது. வரைபடத்தில் நானே போட்டேன். வழவழா கையெழுத்துப் போடும்போது பெருமூச்சு விட்டார். விற்றுப்போன பழைய லேப்டாப்புகளுக்கு விசைமேல் ஒட்டிக்கொள்ள மேடுள்ள சின்ன வில்லைகள் அனுப்புகிறார்கள். எத்தனை பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று சோதனைப் பிரிவுப் பெண் கடிதங்களை மூட்டையாகக் காட்டினாள். இவர்களெல்லாம் இத்தனை நாள் தங்கள் கையைத்தான் நொந்துகொண்டிருந்திருப்பார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

காது கேளாதோர் சங்கத்திலிருந்து அழைப்பு. அன்று என்ன நடந்தது என்று அவர்கள் கூட்டத்தில் வந்து சொல்ல வேண்டுமாம். முன்வரிசையில் கைகளை விரித்தாரே அந்தப் பெரியவர், அவர்தான் தலைவர். நிறுவனத்தில் கேட்காமலே ஒப்புக்கொண்டேன்.

திரையில் எழுத்துப் போடப்போவது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 13, சனி

சின்னக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரத்தில் மேசை, மேசையில் செங்கல், முதுகில் பழைய தலையணை. அக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

வணக்கம் சொன்னேன். திரையில் வணக்கம் வந்தது. எழுதிக்கொண்டு போன தாளைப் பிரித்தேன், படிக்கவில்லை. "இங்க டைப் அடிக்கறவங்க எங்க அக்கா. கூடப் பொறந்தவங்க. அன்னைக்கு யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன். நீங்களும் திரைல படிச்சீங்க. பொய் சொன்னேன்" என்றேன்.

திரை காலியாகவே இருந்தது. அக்கா கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை முழுவதும் திரையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. இதை மட்டும் விட்டுவிடப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் கைகளைத் தூக்கினாள், விரல்கள் போய் அந்த இரண்டு மேட்டிலும் உட்கார்ந்தன. நான் சொன்னது முழுவதும் வந்தது, கூடப் பொறந்தவங்க உட்பட, ஓர் எழுத்து பிசகாமல்.

அதைப் படித்த பிறகு எனக்கு எதுவும் வரவில்லை. தாளைப் பார்த்தேன், எழுத்து கலங்கியது. நின்றுகொண்டே இருந்தேன்.

(பேச்சாளர் மௌனம்) என்று திரையில் வந்தது.

கொஞ்சம் கழித்து, (இன்னும் மௌனம்).

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் மேசையிலிருந்த தம்ளரைக் காட்டினார். எடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

(சப்பை தண்ணீர் குடிக்கிறான்)